ஒரே லேப்டாப்பில் 32 பிட்டும் 64 பிட்டும்: டெபியன் மல்டிஆர்ச்சோடு 12 வருடங்கள்

போன வாரம், முன்பு கூட வேலை பார்த்த தம்பி ஒருவர் போன் பண்ணினார். "அண்ணா, உங்க லேப்டாப்ல 64 பிட் சிஸ்டத்துக்குள்ள 32 பிட் பேக்கேஜும் ஓடுதே, எங்கிட்டயும் ஒரு பழைய பிரின்டர் இருக்கு, அதே மாதிரி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். வேறொரு நாளில் கேட்டிருந்தால் கட்டளையைச் சொல்லி, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்திருப்பேன். ஆனால் அவர் கேட்டது, அதே சமாச்சாரத்தோடு ராத்திரி ஒன்றரை மணி வரை மல்லுக்கட்டிவிட்டு எழுந்த காலையில். "வேண்டாம் தம்பி" என்றுதான் வாயில் வந்தது. போனை வைத்த பிறகு மனது கேட்கவில்லை. 12 வருடம் உழைத்த ஒரு ஏற்பாட்டை ஒரு ராத்திரிக் கோபத்தில் அப்படித் தள்ளிவிடலாமா? அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜியிடம் 'ஆட்-ஆர்க்கிடெக்சர்' என்று சொல்லி, 32 பிட் இன்டெல்லைக் குறிக்கும் ஐ386 என்ற பெயரைக் கொடுத்தால் போதும். அப்புறம், பேக்கேஜ்களைத் தேடிக் கொண்டுவரும் ஆப்ட் கருவியில் ஒரு அப்டேட். அதன்பின் எந்தப் பேக்கேஜின் பெயருக்குப் பின்னாலும் முக்காற்புள்ளி போட்டு ஐ386 என்று எழுதினால் அதன் 32 பிட் வடிவம் வந்து உட்காரும். 2013 மே மாதம் டெபியன் 7, வீசி, வெளிவந்தபோதுதான் மல்டிஆர்ச் என்ற இந்த வசதி டெபியனின் நிலையான வெளியீட்டில் முழுதாக வந்தது. அந்த மாதமே என் கணினியில் போட்டேன். லேப்டாப் மூன்று முறை மாறிவிட்டது. ஆனால் டிஸ்க்கைப் பிரதியெடுத்து அதே சிஸ்டத்தைத்தான் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறேன்.

காரணம் ஒரு லேசர் பிரின்டர். 2011-இல் வாங்கியது. இன்றுவரை ஒரு பக்கம்கூடச் சாய்வாக வந்ததில்லை. ஆனால் தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்குக் கொடுத்த டிரைவர் 32 பிட் மட்டும்தான். மூலநிரலும் கிடையாது, 64 பிட் வடிவமும் கடைசிவரை வரவில்லை.

மல்டிஆர்ச் இல்லாத கணினியில் இப்படிப்பட்ட டிரைவரை ஓடவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோப்பு கண்ணெதிரே இருக்கும். எல்எஸ் போட்டால் பெயர் தெரியும், அளவு தெரியும், இயக்கும் அனுமதியும் சரியாக இருக்கும். இயக்கினால், 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்று டெர்மினல் சொல்லும். முதல் தடவை இதைப் பார்த்து அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் என்னவென்றால், இல்லாதது அந்தக் கோப்பு அல்ல. அதை நினைவகத்தில் ஏற்றிவிடும் 32 பிட் லோடர் இல்லை. எது இல்லை என்று செய்தியில் வராததால், இருக்கிற கோப்பையே இல்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. நிரல்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் சி லைப்ரரியின் 32 பிட் வடிவத்தைப் போட்டால் லோடரும் கூடவே வரும், அதே நிமிடம் டிரைவர் பேச ஆரம்பித்துவிடும்.

இதற்கு முன்பு இருந்த நிலையை நினைத்தால்தான் இதன் அருமை தெரியும். ஐஏ32-லிப்ஸ் என்று ஒரு பேக்கேஜ் இருந்தது. யாருக்கு எந்த 32 பிட் லைப்ரரி தேவைப்படுமோ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். உள்ளே ஒரு லைப்ரரியில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மொத்த மூட்டையையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். அதுவரை பழைய ஓட்டையோடு இருக்க வேண்டியதுதான். உங்களுக்கு வேண்டிய ஒரு லைப்ரரி மூட்டையில் இல்லையென்றால் அதோடு முடிந்தது.

மல்டிஆர்ச்சின் அழகு, அது எடுத்த ஒரு எளிய முடிவில் இருக்கிறது. ஒவ்வொரு செயலிக் கட்டமைப்புக்கும் தனி முகவரி. 64 பிட் இன்டெல் லைப்ரரிகள் லிப் அடைவுக்குள் எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ என்ற பெயருள்ள உள்ளடைவுக்குப் போகும். 32 பிட்டுக்கு ஐ386-லினக்ஸ்-க்னூ. இன்டெல் அல்லாத இன்னொரு செயலி வகையான ஆர்மின் 64 பிட்டுக்கு ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ. யார் வீட்டுக்குள்ளும் யாரும் நுழைவதில்லை. ரெட் ஹாட் என்ற இன்னொரு லினக்ஸ் பக்கம் லிப், லிப்64 என்று இரண்டே அறைகள். இன்டெல் 32, 64 என்ற ஜோடிக்கு அது போதும். மூன்றாவதாக ஆர்ம் வந்து கதவைத் தட்டினால் அதற்கு இடமில்லை. விண்டோஸில் இன்னும் குழப்பம்: சிஸ்டம்32 என்ற அடைவுக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64 என்ற அடைவுக்குள் இருப்பவை 32 பிட் கோப்புகள். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக அப்படி ஆனது என்று புரிகிறது. ஆனாலும் டெபியனின் அடைவுப் பெயர்களைப் பார்க்கும்போது, ஆரம்பத்திலேயே பொறுமையாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று ஒரு மரியாதை வருகிறது. இந்த வடிவமைப்பை எழுதி, டெபியனிலும் உபுண்டுவிலும் பல வருடம் முன்னெடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் லாங்காசெக். 2025 ஜனவரியில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று, நான் பெயர்கூடச் சரியாகக் கவனிக்காத ஒருவரின் வேலை என் மேஜையில் தினமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறதே என்று வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முடிவு எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்கு உறைத்தது லேப்டாப்பில் அல்ல, ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு பலகைக் கணினியில். லேப்டாப் மூடியிருக்கும்போதும் வீட்டில் மற்றவர்கள் பிரின்ட் எடுக்க வேண்டும் என்பதற்காக, அதற்கான லினக்ஸான பை ஓஎஸ்ஸின் 64 பிட் வடிவத்தை அதில் போட்டேன். அது ஆர்ம் செயலி. டிரைவரோ 32 பிட் இன்டெல்லுக்கானது. சம்பந்தமே இல்லை. இருந்தாலும் ஒரு நம்பிக்கையில் ஐ386-ஐ அங்கேயும் சேர்த்தேன். பை ஓஎஸ்ஸின் 64 பிட் வடிவம் அடிப்படைப் பேக்கேஜ்களை டெபியனின் பேக்கேஜ் கிடங்கான ரெப்போவிலிருந்தே எடுப்பதால், ஐ386 பேக்கேஜ்களும் அங்கேயே கிடைத்தன. ஒரு செயலிக்கான நிரலை வேறொரு செயலியில் ஓட்டும் கியூஎமுவின் யூசர் மோடைப் போட்டேன். அது லினக்ஸின் மையமான கெர்னலிடம் 'இன்டெல் நிரல் வந்தால் என்னிடம் கொடு' என்று பதிவு செய்துகொள்ளும். அப்புறம் டிரைவர் பேக்கேஜைப் போட்டேன். தேவையான 32 பிட் இன்டெல் லைப்ரரிகளை ஆப்ட் தானாகவே கொண்டுவந்து அதனதன் அடைவில் வைத்தது. ஒரு சோதனைப் பக்கம் அனுப்பினேன். ஏழெட்டு விநாடி மௌனம். அப்புறம் பிரின்டர் சூடேறும் அந்தச் சத்தம். பக்கம் முழுதாக வந்தது.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இன்டெல்லுக்காக எழுதி, எழுதியவர்களே கைகழுவிவிட்ட ஒரு டிரைவர், ஆர்ம் பலகை ஒன்றில் ஒரு வரியும் மாறாமல் ஓடுகிறது. நான் எந்தக் கோப்பையும் கையால் நகர்த்தவில்லை. எந்தப் பாதையையும் திருத்தவில்லை. பேக்கேஜ் நிறுவும் கருவி மட்டுமே பார்த்துக்கொண்டது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

மல்டிஆர்ச்சில் ஒரு விதி உண்டு. ஒரே லைப்ரரியை இரண்டு கட்டமைப்புக்கும் போட்டிருந்தால், இரண்டும் அச்சு அசலாக ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பதிப்பு எண்ணின் வாலில் ஓர் எழுத்து வித்தியாசப்பட்டாலும் டிபிகேஜி ஒப்புக்கொள்ளாது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் புதுச் சட்டை வந்தால் மற்றதற்கும் அதே துணியில் வந்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேரும் வெளியே கிளம்ப முடியாது என்பது மாதிரி. காரணம் நியாயமானதுதான். லைப்ரரிக் கோப்புகளுக்குத் தனித்தனி அடைவு உண்டே தவிர, உதவிக் குறிப்பு, உரிம விவரம், மாற்றப் பதிவு போன்றவை ஷேர் அடைவில் ஒரே இடத்தில்தான் போகும். இரண்டு பேக்கேஜும் அந்தக் கோப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் அது பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குப் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆரம்ப வருடங்களில் இது படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாற்றப் பதிவை ஜீஜிப்பில் சுருக்கும்போது, ஒரு நேர முத்திரையும் கோப்புக்குள் பதிந்துவிடும். 64 பிட் பேக்கேஜ் ஒரு கணினியில் ஒரு நேரத்தில் கட்டப்பட்டிருக்கும், 32 பிட் வேறொன்றில் வேறு நேரத்தில். உள்ளே எழுத்து ஒன்றுதான், சுருக்கிய கோப்பு வேறு. உடனே 'பகிர்ந்த கோப்பை மேலெழுதப் பார்க்கிறது, மற்ற வடிவத்திலிருந்து இது வேறுபடுகிறது' என்று நிறுவல் நின்றுவிடும். நேரத்தைப் பதியாமல் சுருக்க ஒரு எழுத்துத் தெரிவு ஜீஜிப்பில் உண்டு. அதை எல்லாப் பேக்கேஜ் பராமரிப்பாளர்களும் பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. டெபியன்காரர்கள் இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தார்கள். கடைசி ஏழெட்டு வருடத்தில், டெபியனின் சொந்த ரெப்போவை மட்டும் வைத்துக்கொண்டிருந்த நாட்களில், இந்த விதியால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. அதை நான் மறைக்கக் கூடாது.

தொல்லை வெளி ரெப்போக்களிலிருந்து வருகிறது. போன வாரத்து ராத்திரிக்குக் காரணமும் அதுதான். வேலைக்காக ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு தேவைப்பட்டு, ஒரு வெளி ரெப்போவைச் சேர்த்திருந்தேன். அது தன் மென்பொருளோடு இணைய இணைப்புகளை மறையாக்கும் எஸ்எஸ்எல் லைப்ரரியின் சொந்த வடிவத்தையும் கொண்டுவந்தது. 64 பிட்டுக்கு மட்டும். எல்லாவற்றையும் புதுப்பிக்கும் ஃபுல்-அப்கிரேட் போட்டேன். வரவிருப்பவை, போகவிருப்பவை என்று பட்டியல் நீண்டது. நள்ளிரவு நெருங்கியிருந்தது, ஆம் என்று அழுத்திவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பிரின்ட் கொடுத்தால், பிரின்டரே இல்லை.

எஸ்எஸ்எல்லுக்கும் பிரின்டருக்கும் என்ன சம்பந்தம்? சங்கிலி இப்படி: டிரைவர், அச்சிடலைக் கவனிக்கும் கப்ஸ் லைப்ரரியைக் கேட்கிறது, கப்ஸ், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸைக் கேட்கிறது, கெர்பரோஸ் எஸ்எஸ்எல்லைக் கேட்கிறது. 64 பிட் எஸ்எஸ்எல் புதிய வடிவத்துக்குப் போனதும், அதே வடிவம் 32 பிட்டில் கிடைக்காததால் 32 பிட் எஸ்எஸ்எல் வெளியேற்றப்பட்டது. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த எல்லாமும் வரிசையாக வெளியேறின, கடைசியில் டிரைவரும்.

திரும்பப் போடலாம் என்று பார்த்தால் ஆப்ட் சொல்கிறது: 'சிக்கலைத் தீர்க்க முடியவில்லை, உடைந்த பேக்கேஜ்களை நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.' இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு 12 வருடக் கோபம் இருக்கிறது. நான் எதையும் நிறுத்தி வைக்கவில்லை. எதுவும் உடைந்தும் இல்லை. இரண்டு பேக்கேஜும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பேக்கேஜ்கள்தான், பதிப்பு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். 'இந்த லைப்ரரிக்கு 64 பிட்டில் இந்தப் பதிப்பு, 32 பிட்டில் அந்தப் பதிப்பு, இரண்டும் ஒன்றாக வேண்டும்' என்று நேராகச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அந்தத் தகவல் ஆப்டுக்குத் தெரியும். தெரிந்துதானே மறுக்கிறது? அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இந்த நிலையில் மாட்டுகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட வழி இது. ஆப்ட்-கேஷின் 'பாலிசி' கட்டளையை எடுத்து, சந்தேகப்படும் லைப்ரரியின் பெயரை இரண்டு முறை கொடுங்கள்: ஒருமுறை வெறுமனே, ஒருமுறை முக்காற்புள்ளியும் ஐ386-ம் சேர்த்து. இரண்டு பட்டியலும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். இரண்டிலும் 'கேண்டிடேட்' என்ற வரியைப் பாருங்கள். எனக்கு அன்று 64 பிட்டுக்கு வந்த எண்ணில் கடைசியில் ஒரு கூட்டல்குறியும் ரெப்போக்காரரின் மூன்று எழுத்தும் இருந்தன. 32 பிட்டில் அந்த வால் இல்லை. மற்ற எல்லா இலக்கமும் ஒன்றே. நான்கு எழுத்து வித்தியாசத்துக்காக ஒரு ராத்திரி. அந்த வெளி ரெப்போவின் முன்னுரிமையை ஆப்ட் அமைப்பில் குறைத்து, எஸ்எஸ்எல்லை டெபியனின் பதிப்புக்கே இறக்கினேன். எல்லாம் திரும்ப வந்தது. அப்போது மணி ஒன்றரை.

இது எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் அல்ல. 2021 நவம்பரில் கணினி விமர்சகரான ஒரு பிரபல யூடியூபர், உபுண்டுவிலிருந்து வந்த பாப் ஓஎஸ்ஸில், விளையாட்டுகளுக்கான ஸ்டீமைப் போடப் போய், தன் டெஸ்க்டாப் முழுவதையும் இழந்தது லினக்ஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டீம் 32 பிட் லைப்ரரிகளைக் கேட்கும். அதில் ஒன்றின் 32 பிட் வடிவம் ரெப்போவுக்கு வந்து சேரவில்லை. அதைச் சரிக்கட்ட ஆப்ட் கண்ட வழி, டெஸ்க்டாப்பையே நீக்குவது. எச்சரிக்கை வந்தது, 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று தட்டச்சு செய்யச் சொன்னது, அவரும் செய்தார். அவரைக் குறைசொன்னவர்கள் நிறையப் பேர். என்னால் முடியவில்லை. ஒரு விளையாட்டுச் செயலியைப் போட வந்தவர், நூறு பேக்கேஜ் பெயரைப் படித்து அதில் எது தன் திரை என்று கண்டுபிடிக்க வேண்டுமா? அதன்பின் ஆப்டில் அத்தியாவசியப் பேக்கேஜ்களை அப்படி ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து நீக்க முடியாதபடி மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் என் பிரின்டர் டிரைவர் அத்தியாவசியப் பட்டியலில் வராதே.

இன்னொரு கவலையும் உண்டு. 32 பிட் பக்கமே மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2019 ஜூனில் உபுண்டு ஐ386 பேக்கேஜ்களை முழுவதுமாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஸ்டீம் பயனர்களும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயினின் பயனர்களும் கொதித்ததும், சில நாளிலேயே பின்வாங்கித் தேர்ந்தெடுத்த பேக்கேஜ்களை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, ட்ரிக்ஸியில், ஐ386-க்குக் கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. 64 பிட் கணினிக்குள் பழைய நிரல்களை ஓட்டுவதற்காக மட்டுமே அது இப்போது இருக்கிறது. 32 பிட் நேர எண் 2038-இல் நிரம்பிவிடும் என்ற பிரச்சினைக்காக மற்ற 32 பிட் கட்டமைப்புகளில் நேர எண்ணை 64 பிட்டாக விரித்தபோதுகூட, ஐ386-ஐ மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். பழைய நிரல்கள் பழைய அளவைத்தான் எதிர்பார்க்கின்றன. மாற்றினால் அவை உடையும். என் டிரைவருக்காக எடுத்த முடிவு என்றே சொல்லலாம். அதற்கு நன்றி. ஆனால் அதன் பொருள், 2038 ஜனவரி 19-க்கு அப்புறம் அந்த வாசலும் தானாக மூடிக்கொள்ளும் என்பதும்தான்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேறு கட்டமைப்புக்கு நிரல் கட்டுவதற்காக மல்டிஆர்ச்சைப் பயன்படுத்தினால், நிரல் கட்டத் தேவையான டெவ் பேக்கேஜ்களில் சில இன்னும் இரண்டு கட்டமைப்புக்கும் சேர்ந்து உட்காராது, ஒன்றைப் போட்டால் மற்றது வெளியேறும். அப்புறம் 32 பிட் ஆர்முக்கான ஆர்ம்எச்எஃப் என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். டெபியனில் அது ஏழாம் தலைமுறை ஆர்மைக் குறிக்கும். 32 பிட் பை ஓஎஸ்ஸில் அதே பெயர் ஆறாம் தலைமுறையைக் குறிக்கும். டெபியன் கருவிகளில் கட்டியதை முதல் பை ஸீரோவில் ஓட்டினால் 'சட்டவிரோதக் கட்டளை' என்று செத்துவிழும். பேக்கேஜ் கருவிக்குப் பெயர் ஒன்றாக இருப்பதால், இரண்டையும் பிரித்துப் பார்க்கவே வழியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு என் முடிவு: தினசரி வேலை பார்க்கும் கணினியில் ஐ386-ஐச் சேர்க்காதீர்கள். வெளி ரெப்போ ஒன்றுகூட இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது. அப்படி ஒருவரை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. மேலே நான் புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. இவ்வளவு நேர்த்தியான வடிவமைப்பு லினக்ஸில் குறைவு. ஆனால் எனக்கு வேலைக்கு வேண்டிய கணினியில், யாரோ ஒரு ரெப்போக்காரர் இரண்டாவது கட்டமைப்புக்குக் கட்ட மறந்ததற்காக இனி நான் ராத்திரி விழித்திருக்க மாட்டேன். அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேனோ என்னவோ, இன்றைக்கு இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பிலிருந்து அதை எடுத்துவிட்டேன். பேக்கேஜ்கள் இருக்கும்வரை டிபிகேஜி கட்டமைப்பை நீக்க விடாது, பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும். முதலில் எண்ணிப் பார்த்தேன், 61 பேக்கேஜ்கள். டிரைவரில் தொடங்கி கப்ஸ், கெர்பரோஸ், எஸ்எஸ்எல் என்று வந்த வழியே திரும்பிப் போய், கடைசியாக 32 பிட் சி லைப்ரரி. அப்புறம் நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஒரு செய்தியும் வரவில்லை, வெறும் பிராம்ப்ட் மட்டும் திரும்பி வந்தது.

பை 4-இல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் வெளி ரெப்போ எதுவும் சேர்க்கவில்லை, சேர்க்கப்போவதும் இல்லை. நேற்று தம்பிக்குத் திரும்பப் போன் பண்ணினேன். லேப்டாப்பில் கை வைக்க வேண்டாம், ஒரு பழைய பை 4 கிடைத்தால் பிரின்டரோடு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள், உட்கார்ந்து போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.